டெல்டா மேளக்காரர்களுக்கு ஊரடங்கு நிவாரணம்: பணமா, பொருளா? யாருக்கு, எப்படி?

காவிரிக்கரை
12-06-2021, காலை 9:40

வணக்கம். கல்லூரி நண்பர்கள் சேர்ந்து நாதஸ்வரம், தவில் வாசிக்கிறவங்களுக்காகப் பணம் திரட்டினோம். மூணு லட்சம் தேறும். கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை வட்டாரத்துல கொடுக்கறதா முடிவு. எப்படிக் கொடுக்கறதுங்கறதுலதான் ஆளுக்கு ஒரு கருத்து.

நிலைமை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். போன வருஷம் மார்ச் 25-ல ஊரடங்கு. பங்குனியிலேர்ந்து வைகாசி வரைக்கும் மேளச் சத்தமே கிடையாது. மதுரையில மீனாட்சி கல்யாணத்தையே மே 4 அன்னிக்கு நேரலையிலதான் பார்த்தோம். அழகர் ஆத்துல இறங்கல. செப்டம்பர்ல கோயில் திறந்து, தை, மாசி முகூர்த்தத்துல கொஞ்சம் தலை தூக்கினாங்க. இந்த ஏப்ரல் 26-ல மறுபடி கோயிலை மூடியாச்சு. மே 10-லேர்ந்து முழு ஊரடங்கு. நேத்து அறிவிச்ச தளர்வுலயும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நாலும் சேரல. மத்த பல மாவட்டத்துல திங்கட்கிழமை சலூனாவது திறக்கும்.

கேட்க வேண்டியது: அரிசி மளிகையா வாங்கிக் கொடுக்கறதா, பணமாவா? வீட்டுக்கு ஒண்ணா, ஆளுக்கு ஒண்ணா? ஒரு மேள செட் தலைவர்கிட்டேர்ந்து நூத்தி இருபது பேர் கொண்ட பட்டியல் வாங்கியிருக்கோம். தலைக்கு 2500 வருது. இந்தப் பட்டியலையே நம்பலாமா? எங்க குழுவில ஒருத்தர், "வாங்கறவங்க ஆளுக்கு அஞ்சு நிமிஷம் வாசிச்சு வீடியோ அனுப்பட்டும், நன்கொடையாளருக்குக் காட்டலாம்"னு சொல்றார். அதையும் இங்கயே கேட்டுடறேன்.

தவில்வீட்டுப்பிள்ளை
12-06-2021, காலை 10:25

அண்ணே, முதல்ல நன்றி. எங்கப்பா தவில். நான் டிப்ளமோ முடிச்சிட்டு வேற வேலைல இருக்கேன், அதனால வீடு ஓடுது. பக்கத்து வீட்டுல ஓடல.

மளிகை வேணாம். ரேஷன்ல அரிசி இலவசமா வருது. ஒன்றிய அரசு கொடுக்கற தலைக்கு அஞ்சு கிலோவும் நவம்பர் வரைக்கும் உண்டுன்னு சொல்லிட்டாங்க. மாநில அரசோட 4000-ல முதல் 2000 போன மாசம் வாங்கியாச்சு, மீதி 2000-உம் பதினாலு வகை மளிகையும் 15-ம் தேதிலேர்ந்து தர்றாங்க. சோத்துக்கு எப்படியோ ஓடுது. சிலிண்டருக்கு, சர்க்கரை மாத்திரைக்கு, வீட்டு வாடகைக்கு, குழு கடன் வட்டிக்கு யாரும் கொடுக்கல. வாரா வாரம் வாசல்ல வந்து நிக்கறது குழு கடன்காரங்கதான். ரிசர்வ் வங்கி போன வருஷம் மார்ச்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் தவணையைத் தள்ளிப் போடலாம்னு சொன்னப்போகூட வட்டி ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. இந்த வருஷம் அந்தச் சலுகையும் எல்லாருக்கும் இல்ல.

இன்னொண்ணு வெளியாளுக்குத் தெரியாது. அட்வான்ஸ். தை மாசத்துலயே சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கு அச்சாரம் வாங்கியிருப்போம். அதுல தவிலுக்குத் தோல் மாத்தியிருப்போம், பழைய கடனை அடைச்சிருப்போம், செட் ஆளுங்களுக்குப் பிரிச்சிருப்போம். கல்யாணத்தை ஐம்பது பேரோட வீட்டுலயே முடிச்சிக்கிட்டு, "மேளம் வேணாம், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்க"ன்னு போன் வருது. வருமானம் நின்னது ஒரு அடின்னா, செலவாகிப்போன பணம் கடனாத் திரும்பி வந்து நிக்கறது ரெண்டாவது அடி. அப்பா ரெண்டு வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்துட்டார், மூணாவது வீட்டுல ஆவணி வரைக்கும் தவணை கேட்டிருக்கார்.

வீடியோ யோசனையைத் தயவுசெஞ்சு விட்டுடுங்க.

தோடிப்பைத்தியம்
12-06-2021, முற்பகல் 11:50

வீடியோ கேட்பதில் என்ன தவறு என்று எனக்குப் புரியவில்லை. வாசிப்பதற்குச் சன்மானம் என்றால் அது தானம் ஆகாது, கௌரவமாக இருக்கும். சென்ற மார்கழியில் சென்னை சபாக்கள் பெரும்பாலும் இணையத்துக்குத்தான் போயின. கலாகேந்திரா இணையதளத்தில் சபாக்கள் ஒன்றுகூடி நடத்திய விழாவுக்குக் கட்டணம் கட்டித்தான் நானும் கேட்டேன். பாடகர்களும் பக்கவாத்தியக்காரர்களும் சம்பாதித்தார்கள். நாதஸ்வரத்துக்கும் அதையே செய்யலாமே? ஒரு மல்லாரி, ஒரு ராகம், ஒரு கீர்த்தனை. உலகெங்கும் கேட்பார்கள்.

சீவாளி
12-06-2021, பிற்பகல் 1:15

நான் நாதஸ்வரம் வாசிக்கிறவன். மே மாதம் எனக்குத் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தேன். இப்போது மாடிப்படி ஏறினாலே நின்று நின்றுதான் ஏறுகிறேன். நாதஸ்வரத்தின் சீவாளியை வாயில் வைத்து ஒரு ஷட்ஜம் பிடித்தேன். இழுக்க முடியவில்லை. இரண்டு மாதம் வாத்தியத்தைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். உதவி மிகவும் தேவைப்படுகிற ஆள் இப்போது வாசிக்கவே முடியாத ஆள்தான். அவரிடம் போய் வீடியோ கேட்பீர்களா?

உடம்பு நன்றாக இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். பாடகர் வீட்டில் ஒரு தம்புராப் பெட்டியும் மைக்கும் இருந்தால் போதும். எங்களுக்கு இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதி என்று செட்டே கூடியாக வேண்டும். ஊரடங்குப் பயணத்துக்கான இ-பதிவு இல்லாமல் பக்கத்து ஊர் தவில்காரரைக் கூப்பிட முடியாது. முகக்கவசத்தோடு ஊதவும் முடியாது. கோபுர வாசலில் வாசித்தால் நாலு வீதிக்குக் கேட்கிற வாத்தியத்தைச் செல்போனில் பதிவு செய்தால் என்ன ஆகும் என்று தோடி கேட்கிறவருக்குத் தெரியாதா?

தோடிப்பைத்தியம்
12-06-2021, பிற்பகல் 2:05

சீவாளி ஐயா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னபின் நிபந்தனையாக வைப்பது சரியில்லை என்று தோன்றுகிறது. விருப்பமுள்ளவர் பிறகு பதிவு செய்து கொடுக்கட்டும், அதற்குத் தனியாகச் சன்மானம் வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். சபா உலகமும் எல்லோருக்கும் சோறு போடவில்லை. கடம், கஞ்சிரா, முகர்சிங் வாசிப்பவர்கள், பின்னால் தம்புரா மீட்டும் இளைஞர்கள் ஆகியோரை இணையக் கச்சேரியில் ஆள் குறைக்கும்போது முதலில் குறைத்தார்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் சுமனஸா அறக்கட்டளை கோவிட் கலைஞர் நிதி தொடங்கியபோது சென்னைப் பாடகர்களோடு நிற்காமல் நாட்டுப்புறக் கலைஞர்கள் வரை போனதை நான் மதிக்கிறேன். அவருடைய மற்ற கருத்துகளில் எனக்கு ஆயிரம் சண்டை உண்டு.

பறையொலி
12-06-2021, மாலை 4:30

இழையை முழுசாப் படிச்சேன். ஒரு இடத்துலயாவது பறை வரும்னு பார்த்தேன்.

டெல்டாவுல மேளக்காரங்க மட்டுமா வாசிக்கிறாங்க? சாவுக்கு இருபது பேர்தான் வரணும்னா, அந்த இருபதுல பறை அடிக்கிறவன் எங்க வருவான்? தொற்றுல செத்தவங்களை ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போறாங்க. ஊர்ல சாவு கூடுது, பறைக்கு மட்டும் வேலை இல்ல. இதைச் சொல்றப்போ எனக்கே ஒரு மாதிரி இருக்கு, ஆனா கணக்கு அதுதான். நையாண்டி மேளம், உறுமி, பம்பை, பேண்டு செட் இவங்க யாருக்கும் திருவிழா இல்லாம ரெண்டு வருஷமாச்சு. கரகத்துக்கு வாசிக்கிற நாதஸ்வரக்காரரையே உங்க பட்டியல்ல சேர்த்திருக்க மாட்டாங்க, சரிதானே?

செட் தலைவர்கிட்ட பட்டியல் வாங்கினா அவருக்குத் தெரிஞ்சவங்கதான் வருவாங்க. அவருக்கு யாரைத் தெரியும்ங்கறதைச் சாதிதான் முடிவு பண்ணுது. அந்தத் தெரு வரைக்கும்தான் உங்க மூணு லட்சமும் போகும்.

காவிரிக்கரை
12-06-2021, மாலை 5:10

நன்கொடை கேட்டப்போ "நாதஸ்வரம், தவில்"னு எழுதித்தான் கேட்டோம். கொடுத்தவங்ககிட்ட சொல்லாம மாத்த முடியாது. குழுவில பேசிட்டு வர்றேன். கரகத்துக்கு வாசிக்கிறவங்க பட்டியல்ல இல்லைங்கறது நிஜம்.

வேலங்குடி
12-06-2021, இரவு 7:45

எல்லாத்துலயும் சாதியைக் கொண்டு வரணுமா? அவங்க அவங்க விருப்பப்பட்டவங்களுக்குக் கொடுக்கறாங்க. பறைக்கு வேணும்னா நீங்க தனியா வசூல் பண்ணுங்க.

தவில்வீட்டுப்பிள்ளை
12-06-2021, இரவு 8:20

வேலங்குடி, பறையொலி சொல்றதுல உண்மை இருக்கு. எங்க செட்டுக்குள்ளயே பாருங்க. தாளம் போடற பையன் பேரும் சுருதிப்பெட்டி போடற பெரியவர் பேரும் எந்தப் பட்டியல்லயும் வராது. கச்சேரிப் பணம் பிரிக்கிறப்போ அவங்களுக்குத்தான் கடைசிப் பங்கு. முகூர்த்தம் நெருக்கடியான நாள்ல மட்டும் கூப்பிடற ரெண்டாவது தவில் எந்தச் செட்டுலயும் நிரந்தரமா கிடையாது. செட் தலைவர் பேர்ல ஏதாச்சும் வந்தா அவர் மனசு வெச்சாத்தான் அவங்களுக்கு வரும். ஆளுக்கு ஒண்ணா, நேரா கொடுங்க. அண்ணன் தம்பி ஒரே வீட்டுல இருந்தாலும் ரெண்டு பேருக்கும்.

நெறியாளர்
12-06-2021, இரவு 9:00

வேலங்குடியின் இரண்டாவது பதிவும் அதற்கு வந்த மூன்று பதில்களும் நீக்கப்பட்டன. நிவாரணத்தைப் பற்றிப் பேசுவோம்.

மெல்லிசை_கீபோர்டு
13-06-2021, காலை 7:30

திருச்சிப் பக்கம் மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிக்கிறேன். எங்களை யாரும் கலைஞர்னே சொல்றதில்ல, அதனால நிவாரணச் சண்டையிலயும் இடமில்ல. ரெண்டு சீசன் போச்சு. கீபோர்டு தவணையில வாங்கினது. டிரம்ஸ்காரர் ரிதம் பேடை அடமானம் வெச்சிட்டு நூறு நாள் வேலைக்குப் போறார், நாளைக்கு 273 ரூபாய், அதுவும் வேலை இருந்தா. சினிமாக்காரங்களுக்கு ஃபெப்சின்னு சங்கம் இருக்கு. போன வருஷம் ஃபெப்சிக்கு ரஜினி 50 லட்சம் கொடுத்தார், சிவகுமார் குடும்பம் 10 லட்சம் கொடுத்துச்சு, பேப்பர்ல வந்துச்சு. ஊர் திருவிழா மேடைக்கு எந்த ஃபெப்சி?

உங்ககிட்ட பணம் கேட்க வரல. பேங்க்ல போடறதா இருந்தா ஒண்ணு கவனிங்க. என் கணக்குக்கு ஒரு நண்பர் 2000 அனுப்பினார். தவணை பாக்கிக்கும் அபராதத்துக்கும் எடுத்துக்கிட்டது போக மிஞ்சினது பெட்ரோலுக்குக்கூட காணல. அனுப்பறதுக்கு முன்னாடி எந்தக் கணக்குல போடணும்னு அவங்களையே கேளுங்க. மனைவி கணக்கு, மகன் ஜிபே, எதுவோ.

கணக்குப்பிள்ளை
13-06-2021, காலை 9:15

தணிக்கைத் துறையில் இருக்கிறேன். மூன்று செய்திகள்.

தனிநபர் கணக்கில் வசூலித்திருந்தால் வந்தது யாரிடமிருந்து, போனது யாருக்கு என்று ஒரு தாளில் பெயர், தேதி, தொகையோடு வைத்துக்கொள்ளுங்கள். வரித்துறை கேட்கும்போது அதுதான் பேசும். 80ஜி வருமான வரிச் சலுகை தருவதாக யாரிடமும் சொல்லியிருக்காதீர்கள், பதிவு பெற்ற அறக்கட்டளையால்தான் அது முடியும்.

வெளிநாட்டுப் பணம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் கும்பகோணத்தில் பிறந்தவராகவே இருந்தாலும், பொதுக் காரியத்துக்கான வசூலில் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகிவிடும். சென்ற செப்டம்பரில் சட்டத்தை இன்னும் இறுக்கி, பதிவு பெற்ற அமைப்புகளும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில்தான் அந்தப் பணத்தை வாங்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஆர்வத்தில் வாங்கிவிட்டுப் பிறகு அல்லாட வேண்டாம்.

கோயிலைச் சார்ந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அறநிலையத் துறைக் கோயில்களில் மாதச் சம்பளம் இல்லாமல் வேலை செய்யும் அர்ச்சகர், பட்டாச்சாரியார், பூசாரி, இதர பணியாளர்களுக்கு 4000 ரூபாய், 10 கிலோ அரிசி, 15 வகை மளிகை என்று ஜூன் 3-ல் முதல்வர் தொடங்கி வைத்தார். "இதர பணியாளர்" என்பதில் தினமும் மேளம் வாசிப்பவர் வருவாரா என்று அந்தக் கோயிலின் செயல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் வாய்ப்பேச்சில் பதில் வரும்.

சிங்கை_வாசகன்
13-06-2021, முற்பகல் 11:00

கணக்குப்பிள்ளை சொன்ன வகையில் நான் மாட்டிக்கொள்கிறேன், எனக்கு இங்கே குடியுரிமை. அப்படியென்றால் ஊரில் இருக்கும் அக்காவிடம் சொல்லி அவரே கொடுக்கட்டும்.

சிங்கப்பூரில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், ஒப்பிட உதவும். சென்ற ஆண்டு சுயதொழில் செய்வோருக்கு மாதம் 1000 வெள்ளி வீதம் ஒன்பது மாதம் கொடுத்தார்கள். மே, ஜூலை, அக்டோபரில் மூவாயிரம் மூவாயிரமாகக் கணக்குக்கு வந்தது. என் தங்கை வீணை கற்றுக் கொடுக்கிறார், மேடையிலும் வாசிப்பார். விண்ணப்பமே போடாமல் அவருக்கு வந்தது, ஏனென்றால் ஆண்டுதோறும் தன் வகுப்பு வருமானத்தை வரித்துறையில் சொல்லி வந்திருக்கிறார். அவருடைய தோழி சொன்னதில்லை. அவர் விண்ணப்பித்து, ஆவணம் காட்டி, காத்திருந்து வாங்கினார். குடிமக்களுக்கு மட்டும்தான் இந்தத் திட்டம். ஊரிலிருந்து வேலை அனுமதியில் வந்து கோயிலில் வாசிப்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர்கள் கோயில் கொடுப்பதை நம்பித்தான் இருந்தார்கள்.

லண்டன்_மிருதங்கம்
13-06-2021, பிற்பகல் 3:40

இங்கயும் அதே கதைதான். பிரிட்டன்ல சுயதொழில்காரங்களுக்கு முந்தின வருஷங்களோட லாபக் கணக்கைப் பார்த்து 80 சதவீதம், மூணு மாசத்துக்கு அதிகபட்சம் 7500 பவுண்டு. பெரிய தொகை, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா மொத்த வருமானத்துல பாதியாவது சுயதொழில்லேர்ந்து வந்திருக்கணும். நான் ரெண்டு பள்ளிக்கூடத்துல சம்பளத்துக்கு வகுப்பு எடுக்கிறேன், மிச்சம் கச்சேரி. பாதிக்குக் கொஞ்சம் கீழ. ஒரு பைசா வரல. 2019-ல புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு முதல் மூணு தவணையும் கிடையாது, இந்த ஏப்ரல்லதான் கதவு திறந்துச்சு. இசைக்கலைஞர்களுக்கான தொண்டு அமைப்பு ஒண்ணு 500 பவுண்டு கொடுத்துச்சு. அது "நீ வாசிக்கிறவனா, வேலை போச்சா?"ன்னு கேட்டுட்டுக் கொடுத்த பணம். சின்னத் தொகை, ஆனா வேளைக்கு வந்தது அதுதான்.

அதனால சொல்றேன், உங்க மூணு லட்சத்துக்கு விதிமுறை எழுத உட்காராதீங்க. சீக்கிரம் கொடுங்க.

பறையொலி
13-06-2021, மாலை 5:00

லண்டன் சொல்றது சரி. ஆனா அரசாங்கத்துக்கிட்ட அப்படிச் சொல்ல முடியாது, அங்க அட்டை வேணும். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007-லேர்ந்து இருக்கு. எங்க பசங்களைப் பதிவு பண்ணச் சொன்னா, "எதுக்கு ஒரு நாள் கூலியை விட்டுட்டுப் போய் வரிசையில நிக்கணும்?"னு கேப்பாங்க. பதிவு பண்ணவங்கள்லயும் பாதிப் பேர் புதுப்பிக்கல. போன வருஷம் கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டறவங்க வாரியத்துல இருந்தவங்களுக்கு முதல் ஊரடங்குலயே ஆயிரம் ரூபாய் அறிவிச்சப்பதான் எல்லாரும் பழைய அட்டையைப் பீரோவுல தேடினாங்க.

நான் கேக்கறது இதுதான். பணம் கொடுக்கப் போறப்போ ஒரு நோட்டு எடுத்துட்டுப் போங்க. பேர், என்ன வாத்தியம், வாரிய அட்டை இருக்கா, எந்த வருஷம் வரைக்கும், வங்கிக் கணக்கு உண்டா. பணம் கொடுத்த அன்னிக்கே வாரிய விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுத்துட்டு வாங்க. உங்க பணம் ஒரு மாசத்துல தீர்ந்துடும். மூணாவது அலை வந்தா அந்த நோட்டு இருக்கும்.

தவில்வீட்டுப்பிள்ளை
13-06-2021, மாலை 6:35

வாரியப் பதிவுக்குக் கலை பண்பாட்டு மையம் தஞ்சாவூர்லயே இருக்கு. பஸ் விட்டதும் போகலாம். எங்க பக்கம் இன்னொரு சிக்கல், மயிலாடுதுறை போன டிசம்பர்லதான் தனி மாவட்டமாச்சு. அட்டையில நாகப்பட்டினம்னு இருக்கு. அதுக்கும் சேர்த்துக் கேட்டுக்கணும்.

பட்டியல் எடுக்க இன்னொரு வழி: மாவட்ட அரசு இசைப்பள்ளி. நாதஸ்வரம், தவில் மூணு வருஷப் படிப்பு முடிச்சவங்க பேர் வரிசையா இருக்கும். செட் தலைவர் சொல்லாத பசங்க அதுல கிடைப்பாங்க. பறைக்கு அந்த வழி கிடையாது, அதுக்குத் தெருவுலதான் போய்க் கேக்கணும்.

ஆவணி_முகூர்த்தம்
13-06-2021, இரவு 8:10

வேறு ஒரு யோசனை. தானமாகக் கொடுப்பதற்குப் பதிலாக அச்சாரமாகக் கொடுத்தால் என்ன? என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். இப்போதே ஒரு செட்டுக்கு முழுப் பணமும் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறேன். என்னைப் போல் பத்து வீடு இருந்தால் பத்து செட் பிழைக்கும். வாங்குகிறவருக்கும் கூச்சம் இருக்காது.

சீவாளி
13-06-2021, இரவு 9:30

உங்கள் மனசு பெரிது. ஆனால் தையில் இன்னொரு ஊரடங்கு வந்தால்? எனக்கு மூச்சு வராவிட்டால்? அன்றைக்கு அது கடன். இப்போது திருப்பிக் கேட்கிறவர்களும் நல்ல மனசோடுதான் அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

நடக்காவிட்டால் திருப்பித் தர வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அப்படியானால் நானே உங்களுக்கு ஆள் சொல்கிறேன், நல்ல செட். ஏற்கனவே கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிற வீட்டார் யாராவது இதைப் படித்தால், கேட்காமல் இருப்பதே பெரிய நிவாரணம்.

ஆவணி_முகூர்த்தம்
13-06-2021, இரவு 9:50

எழுதிக் கொடுக்கிறேன். தனிமடலில் எண் அனுப்புங்கள்.

காவிரிக்கரை
15-06-2021, இரவு 10:15

குழுவில ரெண்டு நாள் சண்டை. பறை, நையாண்டி மேளம் சேர்க்கிறதைப் பத்திக் கொடுத்தவங்க எல்லாருக்கும் செய்தி அனுப்பினோம். நாலு பேர் "என் பணம் நாதஸ்வரத்துக்கு மட்டும்"னு சொல்லிட்டாங்க, அவங்க பங்கை அப்படியே வெச்சிருக்கோம். மத்தவங்க சரின்னுட்டாங்க.

இப்போ கணக்கு. பட்டியல் நூத்தி அறுபது பேருக்கு வந்திருக்கு. ஆளுக்கு 1500, மொத்தம் 2,40,000. மீதி 60,000-ஐத் தொற்று வந்து வாசிக்க முடியாம இருக்கறவங்க பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு 5000-ஆப் பிரிக்கிறோம். இதுல 2500-ஐ 1500-ஆக் குறைச்சதுல எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்ல. 1500 ரூபாய்ல ஒரு சிலிண்டரும் கொஞ்சம் மருந்தும்தான் வரும். ஆனா நாப்பது பேரை விட்டுட்டு மத்தவங்களுக்குக் கூடக் கொடுக்கறதை யாராலயும் நியாயப்படுத்த முடியல.

வீடியோ கிடையாது. கொடுக்கறப்போ போட்டோவும் கிடையாது. "நன்கொடையாளருக்கு என்ன காட்டறது?"ன்னு கேட்டவருக்குக் கணக்குத் தாளைக் காட்டறோம். பறையொலி சொன்ன நோட்டும் போட்டாச்சு.

கிட்டத்தட்ட ஐம்பது பேர் வங்கிக் கணக்கு வேணாம்னு சொல்றாங்க, மெல்லிசைக்காரர் சொன்ன அதே காரணம். ஊரடங்குல நேர்ல போக முடியாது. மணியார்டர் இன்னும் இருக்கா?

அஞ்சல்காரர்
16-06-2021, காலை 6:50

இருக்கிறது. தபால் அத்தியாவசியப் பணி, ஊரடங்கிலும் ஓடுகிறோம். ஒரு மணியார்டருக்கு 5000 வரை அனுப்பலாம். கமிஷன் இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய், ஆக 1500-க்கு 75 ரூபாய். ஐம்பது பேருக்கு 3750 வரும். நிவாரணப் பணத்தில் கை வைக்காமல் அதை உங்கள் குழு ஏற்றுக்கொண்டால் நல்லது.

தபால்காரர் வீட்டு வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரொக்கமாகக் கொடுப்பார். கடன்காரர் கணக்கில் நுழைந்து எடுக்கிற பிரச்சினை இல்லை. ஐம்பதையும் ஒரே நாளில் ஒரே கிராம அஞ்சலகத்துக்கு அனுப்பாதீர்கள், அங்கே அவ்வளவு ரொக்கம் இருக்காது. மூன்று நாலு நாளாகப் பிரித்து அனுப்புங்கள்.

காவிரிக்கரை
16-06-2021, காலை 7:20

நன்றிங்க. 3750 எங்க பொறுப்பு. முகவரியில சிலருக்குக் கதவு எண்ணே இல்ல. பேரும் ஆதார்ல ஒண்ணு, ஊர்ல கூப்பிடறது ஒண்ணு. எதைப் போடறது?

அஞ்சல்காரர்
16-06-2021, காலை 7:45

பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி. அதற்குக் கீழே தகப்பனார் பெயர், தெரு, பிறகு "தவில்", "நாயனம்", "பறை" என்று வாத்தியத்தையும் எழுதுங்கள். கதவு எண் இல்லாவிட்டாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். கைபேசி எண்ணை மறக்காதீர்கள்.